நாலாவது நாற்காலி

வயோலா வாசிக்கிறேன் என்று சொன்னால், “பிடிலா?” என்று கேட்பார்கள். பிடில் இல்லை, அதைவிடக் கொஞ்சம் பெரியது, குரலும் கொஞ்சம் கனத்தது என்று விளக்கினால், “அப்போ பெரிய பிடிலு” என்று முடித்துவிடுவார்கள். ஆரம்பத்தில் சண்டை போட்டுப் பார்த்தேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஊரிகம் தங்கச் சுரங்கத்தின் கூலி லைன் வீடுகளில் கடைசியில் என் பெயரே பெரிய பிடிலு வாத்தியார் என்று நிலைத்துவிட்டது.

நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் சீமைச் சங்கீதத்தில் பாட்டு முதல் பிடில்காரனுக்கு. இரண்டாம் பிடில்காரன் அவனுக்குத் துணை. முழங்கால்களுக்கு நடுவே செல்லோவை நிறுத்தி வைத்துக்கொண்டு வாசிப்பவன் அஸ்திவாரம். இவர்களுக்கு நடுவில் எங்கோ வயோலாக்காரன் இருப்பான். கல்யாண வீட்டில் சோறு வடிக்கிறவனின் நிலைமைதான் அவனுக்கு. சோறு பதமாக இருந்தால் அவனை யாரும் நினைக்கமாட்டார்கள். குழைந்துபோனால் மட்டும், “யாருய்யா வடிச்சது?” என்று தேடிக்கொண்டு வருவார்கள்.

நானாக விரும்பி அதை எடுக்கவில்லை. வேலூர்ப் பக்கத்து மிஷன் போர்டிங்கில் படித்தபோது பிடில் கற்றிருந்தேன். ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளின் கடைசியில், கோலார்ப் பக்கம் தங்கம் வெட்டுகிறார்கள் என்று எங்கள் வட ஆற்காட்டு ஜனம் மூட்டை முடிச்சோடு கிளம்பியது. நானும் கிளம்பினேன். ஊரிகத்துக்கு அப்போது ரயில் வரவில்லை. நாலெழுத்து தெரிந்தவன் என்பதால் சுரங்கத்தின் டைம் ஆபீசில் உட்காரவைத்தார்கள். ஷிப்டுக்கு இறங்கும் ஒவ்வொருவனுக்கும் ஜன்னல் வழியாக ஒரு பித்தளைப் பில்லை கொடுப்பேன். மேலே வந்ததும் திருப்பி வாங்கி ஆணியில் மாட்டுவேன். எந்த ஆணியில் பில்லை இல்லையோ அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம்.

எங்கள் ஷாப்டுக்கு, அதாவது கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஆட்களை இறக்கி ஏற்றும் சுரங்கக் கிணற்றுக்கு, ஒரு கேப்டன் துரை இருந்தார். பட்டாளத்துக் கேப்டன் இல்லை. சுரங்க வேலையை மேற்பார்க்கிற துரைக்கு இங்கே அந்தப் பெயர். அவர் சீமையிலிருந்து வரும்போது இரண்டு பிடில், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நாலு வாத்தியங்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கூடவே வாசிக்க அவர் ஊர்க்காரர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் காய்ச்சலில் ஊர் திரும்பினார். ஒருவர் ஆப்பிரிக்காவில் இதைவிடப் பெரிய தங்கம் இருக்கிறது என்று போய்விட்டார். மூன்றாமவருக்குக் கல்யாணம் ஆயிற்று, அவர் பிறகு எதையும் வாசிக்கவில்லை. காலியான நாற்காலிகளுக்குக் கேப்டன் எங்களில் ஆள் தேடினார். பிடில் கேட்டுப் போன என் கையில் வயோலாவைத் திணித்தார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி அல்லவா.

மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டேதான் முதல் முதலில் வில்லை இழுத்தேன். அதன் அடித் தந்தியின் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்செலும்பில் இறங்கியது. நான் பேச நினைத்துப் பேசாமல் விட்டதையெல்லாம் வேறு யாரோ நிதானமாகப் பேசியது போல இருந்தது. ஒரு வாரத்துக்குள் அதைத் தொடுவதற்கு வேறு யாரையும் விடாதவன் ஆகிவிட்டேன். வயோலா கேப்டனுடையது. ஆனால் அதை யார் துடைத்தார்கள், யார் தந்தி மாற்றினார்கள், மழைக்காலத்தில் யார் தன் போர்வையைச் சுற்றி வைத்தார்கள் என்று லைனில் கேட்டால் சொல்வார்கள்.

துரை நன்றாக வாசிப்பார், சொல்லிக்கொடுக்கத்தான் பொறுமை கிடையாது. ஒருவன் தாளம் தவறினால், இரவும் பகலும் கல்லை இடித்துக்கொண்டிருந்த ஸ்டாம்பு மில் பக்கம் கையைக் காட்டி, “அது தப்புதா?” என்பார். அதோடு பாடம் முடிந்தது. ஆகவே புதிய ஆட்களைப் பழக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அப்படித்தான் நான் வாத்தியார் ஆனேன். மூங்கில் தட்டிச் சுவர் வைத்த லைன் வீட்டில் பாடம் நடக்கும். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் ஆசீர்வாதம் சொல்வார்கள். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் புது ஆட்கள் வில்லைத் தேய்த்தால் என்ன ஆகும்? பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, “வாத்தியாரே, அதுக்கு ஒடம்பு சரியில்லயா?” என்று அக்கறையாகக் கேட்டார்.

என்னிடம் தேறியவர்கள் மூன்று பேர். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பிடில் வாசித்தார். தையற்காரர் ஒருவர் செல்லோ வாசித்தார். இன்னொருவர் டிம்பர் வேலைக்காரர், சுரங்கத்துக்குள்ளே பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிறவர். கோடாலி பிடித்த கையில் பிடில் எப்படி நிற்குமோ என்று பயந்தேன். அது சாதுவாக நின்றது. முதல் பிடில் துரையுடையது, இரண்டாம் பிடிலில் அவரையும் கம்பவுண்டரையும் மாற்றி மாற்றி உட்காரவைத்தேன்.

தொல்லை ஷிப்டால்தான் வந்தது. சுரங்கம், ஆஸ்பத்திரி, டைம் ஆபீஸ் என்று ஆளுக்கொரு ஷிப்டு, ஒருவர் ஏறும்போது ஒருவர் இறங்குவார். நாலு பேரையும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் பார்ப்பது அமாவாசையில் நிலா பார்ப்பதுதான். அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். எவர் வரவில்லையோ அவருடைய பகுதியை என் வயோலாவிலேயே சேர்த்து வாசித்து இடத்தை நிரப்புவேன். இப்படியே எல்லோருடைய பகுதியும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரே ஒரு மெதுவான இசையில் மட்டும் ஓர் இடத்தில் என் ஜம்பம் பலிக்காது. அங்கே இரண்டாம் பிடில் ஒற்றைச் சுரத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதே நேரத்தில் வயோலா படி இறங்குவது போல் கீழே இறங்கிவரும். ஒற்றை ஆள் இரண்டையும் வாசிக்க வழியில்லை. அந்தச் சுரத்தை வாயால் பாடிச் சமாளிப்பேன்.

அப்புறம் கேப்டன் துரை ஊருக்கே திரும்பப் போவதாகச் சொன்னார். வயசாகிவிட்டது, அவ்வளவு தூரம் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு போகப்போவதில்லை. சபைக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். எந்தச் சபைக்கு என்பதுதான் கேள்வி. பெங்களூர் தண்டில், பட்டாளக் கன்டோன்மென்டில், வெள்ளைக்காரச் சபை ஒன்று கேட்டிருந்தது. அங்கே வாசிக்க ஆள் உண்டு, அவர்களுக்கு ஷிப்டும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. வயோலா பெங்களூருக்குப் போய்விட்டால் நான் வெறும் பில்லைக்காரன். நான் நேராகப் போய், எங்களுக்கே விட்டுவிடுங்கள் என்று கேட்டேன்.

அவர் நெடுநேரம் புகைக்குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு தன்னுடைய சமையல்கட்டுத் தமிழில் தீர்ப்புச் சொன்னார். “ஈஸ்டருக்கு நான் வாசிக்கமாட்டான். உங்கள் கோயில்லே நாலு நாற்காலி போடு. நாலு ஆள் உக்காரு. இருந்தா பெட்டி இங்கே. இல்லே, பெட்டி பெங்களூரு.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரே நேரத்தில் நாலு பேர் கூட முடியாத இடத்தில் நாலு வாத்தியம் எதற்கு? நான் இதை மூன்று பேரிடமும் வரிக்கு வரி சொன்னேன். கம்பவுண்டரை முதல் பிடிலுக்கு மாற்றிப் பழக்கினேன். ஈஸ்டர் காலையில் யாருக்கும் ஷிப்டு விழாதபடி, பார்க்க வேண்டியவர்களை எல்லாம் பார்த்துக் கெஞ்சி வைத்தேன்.

பெரிய வெள்ளிக்கிழமையன்று கீழே ஒரு லெவலில் பாறை வெடித்தது. மேலே எங்கள் அடுப்புப் பானைகள் குலுங்கின. நல்ல வேளையாக ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, முட்டுக் கொடுத்த மரங்கள்தான் முறிந்துவிட்டன. டிம்பர்காரர்களை எல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். எங்கள் இரண்டாம் பிடிலும் போனார். ஞாயிறு விடியும்போது மேலே வந்துவிடுவேன், நேராகக் கோயிலுக்கு வருகிறேன் என்று சனி ராத்திரி என்னிடம் பில்லை வாங்கும்போது சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

ஞாயிறு காலை தகரக் கூரைக் கோயில் நிரம்பிவிட்டது. ஒரு பக்கம் பாயில் ஆண்கள், மறுபக்கம் பாயில் பெண்கள், முன்னால் நாலு நாற்காலி. கேப்டன் துரை சுவரோரமாக ஒரு பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். கம்பவுண்டர் சுருதி சேர்த்துவிட்டார். தையற்காரர் செல்லோவை அணைத்துக்கொண்டு வாசலையே பார்த்தார். இரண்டாம் நாற்காலி காலியாக இருந்தது. ஆராதனை நடத்திய உபதேசியார் ஜெபத்தை என் முகத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டே போனார். உலகத்தில் உள்ள ராஜாக்கள் எல்லோருக்காகவும் ஜெபித்து முடித்துவிட்டார்.

அப்போது பக்கக் கதவு வழியாக டிம்பர்காரரின் மனைவி வந்தார். ஈஸ்டருக்கு உடுத்திய வெள்ளைப் புடவை, கையில் புருஷனின் பிடில் பெட்டி. ஷாப்டு வாசலிலிருந்து ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. நான் எழுந்து கதவோரம் போனேன்.

“இன்னாம்மா, அவரு எங்க?”

“கீழயே கீறாரு. இன்னொரு எடத்துல மரம் ஒடஞ்சுட்சாம், ஏறக்கூடாதுன்னுட்டாங்களாம். கேஜ்ல வந்த ஆளுகிட்ட சொல்லி அனுப்பினாரு.” பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். “என்னைப் போயி உக்காரச் சொன்னாரு. பதில் ஆளு.”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலை சுற்றியது. சுரங்கத்தில் அது வழக்கம். ஒருவனுக்கு வர முடியவில்லை என்றால் அண்ணனையோ மைத்துனனையோ பதில் ஆளாக அனுப்புவான். இடம் காலியாக இல்லாத வரைக்கும் அவன் பெயரை அடிக்கமாட்டார்கள். எதைத் தள்ள வேண்டும், எதைத் தூக்க வேண்டும் என்று பதில் ஆள் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்வான். ஆனால் பிடிலுக்குப் பதில் ஆள் அனுப்ப இந்த மண்ணில் இருக்கிறவனுக்குத்தான் தோன்றும்.

“வாசிக்கத் தெரியுமா?”

“தெரியாது. வில்லு புடிக்கத் தெரியும். கம்பி மேல படாம சும்மா ஆட்டிக்கினு இருன்னாரு.”

“இது இன்னா விளையாட்டும்மா?” என்று பல்லைக் கடித்தேன்.

அந்தம்மா என்னை நேராகப் பார்த்தார். “நீங்கதான வாத்தியாரே டெய்லி ஜன்னல்ல சொல்றது? ஆளு வரலன்னா பதில் ஆளு அனுப்பு, எடம் காலியா இருந்தா பேர அடிச்சுருவேன்னு. எங்களுக்கு அண்ணன் தம்பி யாரும் இல்ல. நான்தான்.”

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். நாலு நாற்காலியில் நாலு ஆள் என்று கேப்டன் சொன்னதும் காதில் ஒலித்தது. உபதேசியாரின் ஜெபமும் முடிந்துவிட்டது. “வாங்க” என்றேன்.

ஆண்களுக்கு நடுவில் ஒரு பெண் நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் பெண்கள் பாயில் சலசலப்பு எழுந்தது. ஆண்கள் பாயில் யாரோ கனைத்தார். அந்தம்மா யாரையும் பார்க்கவில்லை. பிடிலை எடுத்துத் தோளில் வைத்தார், வைத்த விதம் சரியாக இருந்தது. வில்லைத் தந்திக்கு ஒரு நூல் மேலே நிறுத்திக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

நாங்கள் ஆரம்பித்தோம். என் பகுதியை வாசித்துக்கொண்டே, அவருடைய புருஷனின் பகுதியையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு தந்திகளை ஒன்றாகத் தேய்த்தேன். எங்கே முடியவில்லையோ அங்கே என்னுடையதை விட்டுவிட்டு அவருடையதை வாசித்தேன். கழுத்தெல்லாம் வேர்த்தது. பக்கத்தில் அந்தம்மாவின் வில் சத்தமில்லாமல் போய் வந்தது. மேலே போகவேண்டிய இடத்தில் மேலே போனது, கீழே வரவேண்டிய இடத்தில் கீழே வந்தது. ஒற்றை அறை வீட்டில் புருஷன் வாசிக்க வாசிக்கக் குழம்பு கொதிக்க வைத்தவர் அல்லவா. ஒருமுறைகூட அவர் வில் திசை மாறவில்லை.

பிறகு அந்த இடம் வந்தது. என்னால் இரண்டையும் வாசிக்க முடியாத இடம். கோயிலில், அத்தனை பேர் முன்னால், வாயால் பாட முடியாது. கேப்டனின் தலை லேசாக நிமிர்ந்ததைப் பார்த்தேன். அவருக்கும் அந்த இடம் தெரியும். சரி, பெங்களூரு போயிற்று என்று நினைத்துக்கொண்டு நான் படியில் இறங்கினேன்.

இடது காதுப் பக்கம் ஒரு சுரம் எழுந்தது. அது விரல் வைக்காத வெறும் தந்திச் சுரம்தான். கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் நடுக்கமாக, ஆனால் வரவேண்டிய அதே நொடியில் வந்தது. நான் கீழே இறங்கி முடிக்கும்வரை அப்படியே நின்றது. பிறகு அந்தம்மா வில்லை மறுபடி தந்திக்கு மேலே தூக்கி, சும்மா ஆட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த இரண்டு வரியை நான் பார்த்து வாசிக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் கேப்டன் துரை எங்களிடம் வந்தார். அவர் காதை ஏமாற்ற முடியாது என்று எனக்குத் தெரியும். அந்தம்மா பிடிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார், என் நனைந்த சட்டைக் காலரைப் பார்த்தார். “நாலு நாற்காலி,” என்றார். “நாலு ஆள். சரி.” அந்த மாசக் கடைசியில் அவர் கிளம்பிப் போனார். பெட்டிகள் எங்கள் கோயிலிலேயே இருந்தன. அவர் வண்டி போனபின் நான் வயோலாவை எடுத்துத் துடைத்து என் போர்வையில் சுற்றி வைத்தேன்.

மறுவாரம் டிம்பர்காரரும் மனைவியும் சேர்ந்தே பாடத்துக்கு வந்தார்கள். பதில் ஆளாக ஒருநாள் நின்றவனுக்கு அடுத்த வேலை காலியானால் முதல் உரிமை உண்டு என்பதும் சுரங்க வழக்கம்தான். “எம் பேரும் ஏறிட்ச்சுல்ல?” என்று அந்தம்மா கேட்டார். நான் புருஷனைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, “ஊட்ல ஒரு பிடிலு, ரெண்டு ஷிப்டு. நல்லதுதான வாத்தியாரே,” என்றார்.

அந்தம்மாவைப் பார்த்து இன்னும் சில பெண்கள் வந்தார்கள். சபையில் முணுமுணுத்தவர்கள் முணுமுணுத்தார்கள். கம்பவுண்டரின் தங்கையும் வந்ததும் அதுவும் அடங்கியது. பக்கத்து லைனிலிருந்து மாரியம்மன் கோயிலுக்குப் போகிற பெண் ஒருவரும் வந்தார், கோயில் வேறு பிடில் வேறு என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். இத்தனை வருஷம் நாலு பேரைக் கூட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது பாடத்துக்கு ஆள் தவறுவதே இல்லை. சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்காமல், “ஷிப்டு இல்லாதவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதே சுகம்” என்றேன்.

“யாருக்கு ஷிப்டு இல்ல?” என்றார் டிம்பர்காரரின் மனைவி. “எங்களுக்கு ஒரே ஷிப்டு. ஏறுறதே இல்ல, அவ்ளோதான்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சுருதி சேர்த்தேன்.

பிடிலைவிட வயோலாதான் அவருக்குப் பொருந்தும் என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. நீளமான கை, அவசரமில்லாத சுபாவம், முன்னால் நின்று பாட ஆசையே கிடையாது. அதைவிட முக்கியமாக, அடுத்தவன் எப்போது மூச்சு விடுவான் என்று கேட்டுக்கொண்டே இருக்கிற காது. என் வயோலாவைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்தேன். பாடம் முடிந்ததும் வாங்கி என் போர்வையில் சுற்றிவிடுவேன். அந்த விஷயத்தில் நான் கருமிதான்.

ஊருக்கு மின்சாரம் வந்தது. பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாயில் வந்தது. என் இடது கைச் சுண்டு விரலுக்கு மட்டும் வாதம் வந்தது. காலையில் மடங்காது, குளிர்காலத்தில் நாள் முழுவதும் மடங்காது. வயோலாவில் சுண்டு விரல் எட்டவேண்டிய தூரம் அதிகம். வேறு விரலை நகர்த்திச் சமாளித்தேன். யாருக்கும் தெரியாது என்றுதான் எண்ணினேன்.

“சுண்டு வெரலு எறங்க மாட்டேங்குது போல,” என்று அந்தம்மா ஒருநாள் மெதுவாகச் சொன்னார். “எண்ணெ தடவுறீங்களா?” எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் அவர் மேல் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது. மறுநாள் புருஷனிடம் ஒரு புட்டியில் எண்ணெய் கொடுத்தனுப்பினார்.

அந்த வருஷம் ஈஸ்டர் வந்தபோது இரண்டு விரல்கள் மடங்கவில்லை. காலையில் வெந்நீரில் கையை வைத்துப் பார்த்தேன், ஜெபம் பண்ணிப் பார்த்தேன். பிறகு வயோலாவைப் போர்வையிலிருந்து எடுத்துக்கொண்டு டிம்பர்காரர் வீட்டுக்குப் போனேன். அந்தம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். “எனக்கு வர முடியல,” என்றேன். “பதில் ஆளு வேணும்.”

அவர் துடைப்பத்தைச் சாத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் நான் முதல்முறையாகப் பாயில் உட்கார்ந்து கேட்டேன். அத்தனை வருஷம் அதன் நடுவிலேயே இருந்தவனுக்கு, வெளியிலிருந்து அது எப்படி இருக்கும் என்று தெரியாது. முதல் பிடிலைத்தான் எல்லோரும் கேட்டார்கள். நான் தேடினேன், நடுவில் அவர் இருந்தார். நான் படி இறங்கும் அந்த இடத்தை என்னைவிட நிதானமாக இறங்கினார். இவ்வளவு நன்றாகவா இருக்கும் இது என்று நினைத்தேன். பொறாமையும் இருந்தது. அதைவிடப் பெரிய நிம்மதியும் இருந்தது.

முடிந்ததும் வயோலாவைப் போர்வையில் சுற்றி என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். “இந்தாங்க வாத்தியாரே. ஒங்க எடத்தப் பாத்துக்கினேன்.”

நான் கையை நீட்டவில்லை. பெங்களூருக்குப் போய்விடுமோ என்று சோறு இறங்காமல் கிடந்தது இதற்காகத்தானே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. “அது ஒங்க எடம்மா,” என்றேன். “இனிமே நான்தான் பதில் ஆளு. உங்களால வர முடியாத அன்னிக்குச் சொல்லி அனுப்புங்க, நான் வந்து உக்காந்துக்கறேன்.”

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு வயோலாவைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். வருஷங்கள் ஓடிவிட்டன. ஒவ்வொரு ஞாயிறும் சட்டை மாட்டிக்கொண்டு, காலரைச் சரிசெய்துகொண்டு நேரத்தோடு கிளம்பிப் போய்ப் பாயின் முன்வரிசையில் உட்காருகிறேன். அவர் இன்றுவரை ஒருநாளும் சொல்லி அனுப்பவில்லை.